பதினெட்டு மீட்டரில் ஒரு பரீட்சை!

கழுத்தை வெட்டுகிற மாதிரி ஒருவன் உங்களைப் பார்த்துக் கை காட்டினால் என்ன செய்வீர்கள்? தரையில் என்றால் ஓட்டம் பிடிக்கலாம். கடலுக்கடியில் 27 மீட்டரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். 'என்கிட்ட காத்து தீர்ந்துபோச்சு. உன்னோடதைக் குடு!'

கை காட்டியவன் ஆபீஸில் என் பக்கத்து ஸீட்டுக்காரன். 2023 பிப்ரவரி. அந்தமானில் ஒரு தீவு. கைடு கொஞ்சம் முன்னால் யாருக்கோ ஆமை காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஃபோட்டோ எடுப்பதில் மும்முரம். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜ் இடுப்பில்தான் தொங்குகிறது. பார்த்தால்தானே!

ஸ்கூபாவில் ஒவ்வொருவரிடமும் ஒரு ஸ்பேர் ரெகுலேட்டர் இருக்கும். மஞ்சள் கலர். பெயர் ஆக்டோபஸ். எட்டுக் கை எல்லாம் கிடையாது, ஒரே ஒரு குழாய்தான். ஆபத்தில் இருப்பவனுக்கு அதைத் தர வேண்டும். நான் இடப்பக்கம் தேடினேன். வலப்பக்கம் தேடினேன். சில்லறை தேடும் கண்டக்டர் மாதிரி இடுப்பைச் சுற்றித் தடவினேன். அது ஸிலிண்டர் பட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. பத்து செகண்டா, பன்னிரண்டா, தெரியாது. ஒரு வழியாகப் பிடுங்கி அவன் வாயில் திணித்தேன். உள்ளே மணல். இருமிக்கொண்டே கடித்தான். என் சட்டையை, அதாவது சட்டை மாதிரி இருக்கும் பி.ஸி.யை, கொத்தாகப் பிடித்துக்கொண்டான். மேலே போனோம். போனோம் என்பதைவிடப் பறந்தோம். கைக்கடிகாரம் மாதிரி கட்டியிருந்த கம்ப்யூட்டர் 'மெதுவா, மெதுவா' என்று வழியெல்லாம் அலறியது.

படகில் அவனுக்கு ஆக்ஸிஜன் கொடுத்து, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. திரும்பும் கப்பலில் போர்ட் பிளேர் வரை வாயே திறக்காதவன், இறங்குகிற நேரத்தில் சொன்னான்:

"மச்சான், நீ தேடிக்கிட்டிருந்தியே... அந்த நேரத்துல என் பொண்ணு முகம் வந்துச்சுடா."

அதற்கப்புறம் அவன் கடல் பக்கம் போகவில்லை. திங்கள்கிழமை காலை வழக்கம்போல் பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்தான். நான்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் இருவர் பர்ஸிலும் அப்போது இருந்தது 'அட்வான்ஸ்டு' டைவர் கார்டு! அட்வான்ஸ்டு என்றால் பயந்துவிடாதீர்கள். முதல் கோர்ஸை முடித்தபின் இன்னும் ஐந்தே ஐந்து டைவ். கார்டு வந்துவிடும்.

சரி, முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். விசாரித்தபோதுதான் 'டெக்னிக்கல் டைவிங்' என்கிற வார்த்தை காதில் விழுந்தது. 90-களின் தொடக்கத்தில் 'அக்வாகோர்' என்ற அமெரிக்கப் பத்திரிகை நடத்திய மைக்கேல் மெண்டூனோ பரப்பிய பெயர் அது. அதற்குமுன் குகைக்குள்ளும் பேராழத்திலும் போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் தனிப் பெயரே கிடையாது. பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சாதாரண டைவிங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் அழுத்தம் அதிகம். நாம் இழுக்கிற காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே சமர்த்தாக வெளியேறிவிடும். சடாரென்று வந்தால் கோலியை அமுக்கின கதைதான். உடம்புக்குள்ளேயே நுரை. 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு சுமார் 20 நிமிஷம் இருக்கலாம். அதற்குள் கிளம்பினால் நேராக மேலே வரலாம். இது சாதாரண டைவிங். எல்லை 40 மீட்டர். அந்த நிமிஷக் கணக்கைத் தாண்டி இருந்தால், வழியில் இத்தனை மீட்டரில் இத்தனை நிமிஷம் என்று நின்று நின்றுதான் வர வேண்டும். 'டெகோ' என்கிறார்கள். தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை. காற்று தீர்ந்தாலும், கண்ணாடி கழன்றாலும், மனைவி ஞாபகம் வந்தாலும் மேலே ஓட முடியாது. பிரச்னையை இருந்த இடத்திலேயே தீர்த்தாக வேண்டும்.

இதற்கு ஆரம்பப் பாடமாக உலகம் முழுக்கப் பல கோர்ஸ்கள் நடக்கின்றன. நான் மூன்றை எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் நேரத்தில்தான் (மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்) ஒரு காகிதத்தில் மூன்று கோடு போட்டு, இன்ஸ்ட்ரக்டர்களுக்கு மெயில் மேல் மெயிலாக அனுப்பிக் கேட்டேன்.

முதலாவது, பாடி நிறுவனத்தின் 'டெக் 40'. 1966-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பெனி. ஸ்கூபா கற்றவர்களில் பெரும்பாலோர் கையில் இவர்கள் கார்டுதான் இருக்கும், என்னிடமும்தான். டெக் 40 முடித்தால் 40 மீட்டர் வரை போகலாம், மொத்தம் 10 நிமிஷம் வரை டெகோ நிற்கலாம். பக்கவாட்டில் இன்னொரு ஸிலிண்டர். அதில் 50 சதவிகிதம் வரை ஆக்ஸிஜன். நான்கு டைவ் பயிற்சி. சேருவதற்கு 30 டைவ் கணக்கில் இருக்க வேண்டும். என்னிடம் 34 இருந்தது. ஆஹா, தகுதி வந்துவிட்டது! காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

இரண்டாவது, டி.டி.ஐ.யின் 'இன்ட்ரோ டு டெக்'. 1994-ல் தொடங்கிய, டெக்னிக்கல் டைவிங்குக்கென்றே உள்ள நிறுவனம். இந்தக் கோர்ஸ் முடித்தால் கூடுதல் ஆழம் கிடையாது. டெகோவும் கிடையாது. மிதப்பு, காற்றுக் கணக்கு, உபகரணம், டைவுக்கு முன்னால் போடும் திட்டம் இவைதான் பாடம். டெகோ வேண்டுமென்றால் அடுத்த படிகளான 'அட்வான்ஸ்டு நைட்ராக்ஸ்', 'டீகம்ப்ரெஷன் ப்ரொஸீஜர்ஸ்' இரண்டையும் பல இடங்களில் சேர்த்தே நடத்துகிறார்கள். அதில் 45 மீட்டர் வரை போகலாம்.

மூன்றாவதுதான் வம்பு. ஜி.யு.இ. என்ற அமைப்பின் 'ஃபண்டமென்டல்ஸ்'. ஃப்ளோரிடா குகைகளில் டைவ் அடித்த ஜாரட் ஜப்லான்ஸ்கி 1998-ல் ஆரம்பித்தது. குகைக்குள் போகக் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறவர்களுக்கு ஒரே இடத்தில் ஆடாமல் நிற்கவே தெரியவில்லை என்று பார்த்து, அவர்களுக்காகவே வைத்த கோர்ஸ். முக்கி முக்கி இறங்கினாலும் 18 மீட்டர்தான். எனக்கு ஏற்கெனவே 30 மீட்டர் வரை போக கார்டு இருக்கிறதே! இதற்கு ஐந்து நாள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இடமே கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி உபகரணம்தான் மாட்ட வேண்டும், கலர் கலராகக் கூடாது. கடைசியில் ரிஸல்ட்: ஃபெயில், ப்ரொவிஷனல், ரெக்ரியேஷனல் பாஸ், டெக்னிக்கல் பாஸ். நல்ல காசு கொடுத்து ஃபெயிலாகிற வசதி!

என் மனசு டெக் 40 பக்கம்தான் சாய்ந்தது. நாற்பது மீட்டர், பத்து நிமிஷ டெகோ... கேன்டீனில் சொன்னால் எப்படி இருக்கும்! தடுத்தது ஒரு இன்ஸ்ட்ரக்டர். அவர் டெக் 40-உம் நடத்துகிறவர்தான், ஆகவே போட்டிக் கடைக்காரன் பேச்சு இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு மீட்டரில், கையைக் காலை ஆட்டாமல், பத்து நிமிஷம் நிற்பீர்களா?"

ஆறு மீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். விளக்கினார். எனக்கு விளங்கிய மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். டெகோ நிற்கும்போது நைட்ரஜனைச் சீக்கிரம் துரத்த ஆக்ஸிஜன் அதிகம் உள்ள வாயுவை இழுப்பார்கள். ஆனால் அதே ஆக்ஸிஜன் ஆழத்தில் விஷம். 50 சதவிகிதக் கலவைக்கு எல்லை சுமார் 21 மீட்டர். சுத்த ஆக்ஸிஜன் என்றால் 6 மீட்டர். அதற்குக் கீழே இழுத்தால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயில் நிற்காது. மிச்சத்தை நான் எழுத வேண்டாம். டெக் 40 காரருக்குச் சுத்த ஆக்ஸிஜன் தர மாட்டார்கள்தான். ஆனால் அந்தப் பாதை போவது அங்கேதான். ஆக, நிற்க வேண்டிய இடத்திலிருந்து கீழே நழுவினால் விஷம், மேலே மிதந்தால் சோடா. ஒரே இடத்தில் நிற்பது அழகுக்கு இல்லை ஸார், உயிருக்கு.

"நிற்பேன்னு நினைக்கிறேன்" என்று எழுதினேன்.

"அப்படியென்றால் நிற்க மாட்டீர்கள்" என்று பதில் வந்தது.

ஃபண்டமென்டல்ஸுக்குப் பணம் கட்டினேன். என் இரண்டு மாதச் சம்பளம். வீட்டில் சொன்ன தொகை வேறு.

பாங்காக் வரை விமானம், சும்ஃபோன் வரை ராத்திரி ரயில், அங்கிருந்து படகு. கோ தாவோ என்றால் தாய் மொழியில் ஆமைத் தீவு. தடுக்கி விழுந்தால் டைவ் கடை. மார்ச் மாதம், கண்ணாடி மாதிரி தண்ணீர். எங்கள் வகுப்பில் மூன்று பேர். முதல் நாள் காலை முழுக்க உபகரணத்தோடு மல்லுக்கட்டு. பி.ஸி. சட்டைக்குப் பதில் முதுகில் ஒரு உலோகத் தகடு, ஒரே நீள நாடாவில் செய்த வார், இரட்டை ஸிலிண்டர். மொத்தம் 30 கிலோவுக்கு மேல். எழுந்து நின்றபோது பாரதப் போரில் கர்ணன் மாதிரி தோன்றியது. நடந்தபோது கேஸ் ஸிலிண்டர் டெலிவரிக்காரர்கள் மேல் தனி மரியாதை வந்தது.

மஞ்சள் ஆக்டோபஸ் எங்கே என்று தேடினேன். கிடையாது! வாயில் இருக்கிற ரெகுலேட்டருக்கு ஏழு அடிக் குழாய். மார்பைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி வருகிறது. இரண்டாவது ரெகுலேட்டர் குட்டைக் குழாயில், ஒரு ரப்பர் வளையத்தால் தாலி மாதிரி கழுத்தில் தொங்குகிறது. எவனாவது காற்றுக் கேட்டால் வாயில் இருப்பதையே எடுத்து நீட்ட வேண்டும். ஏனென்றால், அது வேலை செய்கிறது என்பதற்கு நீங்களே உயிருள்ள சாட்சி. இடுப்பைத் தடவுவது, பட்டைக்கு அடியில் துழாவுவது, மணல் எதுவும் கிடையாது. நீங்கள் குனிந்து கழுத்தில் தொங்குவதைக் கவ்விக்கொள்ள வேண்டியது. ஏழு அடி எதற்கு என்றால், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடிகிற குகைச் சந்துகளில் உருவான ஏற்பாடு அது. அந்தக் குகைக்காரர்கள்தான் காற்றை மூன்று பங்காக்கினார்கள். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, கூட வருகிறவனுக்கு ஒன்று. ஃப்ளோரிடாவின் ஷெக் எக்ஸ்லி குகை டைவர்களுக்காக 1979-ல் வெளியிட்ட சிறு புத்தகம் இந்த மூன்று பங்குக் கணக்கை எல்லோருக்கும் கொண்டுபோனது.

வகுப்பில் இதை விளக்கியபோது மற்ற இரண்டு பேரும் குறிப்பு எடுத்தார்கள். நான் கொஞ்ச நேரம் அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தண்ணீர். ஆழம் எட்டு மீட்டர். இன்ஸ்ட்ரக்டர் குப்புறப் படுத்த நிலையில், முழங்காலை மடித்து, ஓவியத்தில் வரைந்த மாதிரி அந்தரத்தில் நிற்கிறார். கண் மட்டும்தான் அசைகிறது. நாங்களும் அப்படி நின்றோம். நின்றோம் என்றுதான் நினைத்தேன்!

மாலையில் வீடியோ போட்டார்கள். இந்தக் கோர்ஸின் கொடூரமே அதுதான். தினமும் நம்மை நாமே பார்க்க வேண்டும். திரையில் ஒரு ஆசாமி கடல்குதிரை மாதிரி செங்குத்தாக நின்று, நிற்காத பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துகிறவன் போல இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தான். கால் பட்டு அடியிலிருந்து மண் கிளம்பிப் பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. 'யார் இந்தக் கோமாளி?' என்று சிரிக்கப்போனேன். அவன் கையில் என் கடிகாரம்.

"34 டைவ் அடித்தவரா நீங்கள்?" என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்கவில்லை. அவர் நல்லவர். "எடை மூன்று கிலோ அதிகம். நாளைக்குக் குறைப்போம்" என்றார்.

இரண்டாம் நாள் வால்வு பயிற்சி. தலைக்குப் பின்னால் கைவிட்டு ஸிலிண்டர் வால்வு மூன்றையும் ஒவ்வொன்றாக மூடித் திறக்க வேண்டும். ஒரு வால்வில் கசிந்தால் அதை மட்டும் மூடி மற்றக் காற்றைக் காப்பாற்ற. சொல்வதற்குச் சுலபம். பன்னிரண்டு வருஷம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டு தட்டிய தோள்பட்டை அது. எட்டுவேனா என்கிறது. எட்டிப் பிடித்ததும் உடம்பு ஒன்றரை மீட்டர் மேலே போய்விட்டது. அதைச் சரிசெய்தால் வால்வு கையை விட்டுப் போகிறது. இதில் டெக்னிக்கல் பாஸ் வாங்க, எந்தப் பயிற்சி செய்தாலும் ஒரு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது, உடம்பு படுக்கையிலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

நாலாம் நாள் மத்தியானம் பக்கத்துப் படகு சத்தகுட் கப்பலைப் பார்க்கப் போயிற்று. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்களிடம் இருந்து, பிறகு தாய்லாந்துக் கடற்படைக்கு வந்து, 2011-ல் டைவர்களுக்காகவே மூழ்கடித்த கப்பல். 30 மீட்டரில் கிடக்கிறது. நான் பத்து மீட்டரில் மணல் மேல் பின்னால் நீந்தப் பழகிக்கொண்டிருந்தேன். ஆமாம், பின்னால். ரிவர்ஸ் கியர். அரை மணி நேரத்தில் அரை அடி போயிருப்பேன்.

ராத்திரி காற்றுக் கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏற்கெனவே டைவ் அடிக்கிறவர்கள் கண்டிப்பாக. அமைதியாக இருக்கும் ஒருவர் மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டரில் அழுத்தம் நாலு மடங்கு, 80 லிட்டர். 11 லிட்டர் ஸிலிண்டரில் 200 பார் காற்று என்றால் 2200 லிட்டர். 27 நிமிஷத்தில் காலி! சரி, 30 மீட்டரில் ஒருவனுக்குக் காற்று தீர்கிறது. இருவர், நிமிஷத்துக்கு 40 லிட்டர். சராசரி அழுத்தம் இரண்டரை. நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிஷம், ஒழுங்கான வேகத்தில் மேலே வர ஐந்து நிமிஷம். 40 பெருக்கல் இரண்டரை பெருக்கல் ஆறு... 600 லிட்டர். அதாவது கிட்டத்தட்ட 55 பார். '50 பாரோடு படகில் ஏறு' என்று நாம் கற்றது வேறு. இது அடியிலிருந்து கிளம்பும்போதே இருக்க வேண்டியது. அதுவும் பதற்றம் இல்லாத இருவருக்கு.

அந்தமானில் அன்றைக்கு என் கேஜில் இருந்தது 60. டைவ் லாக் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இருந்த பதற்றத்துக்கு எங்களுக்கு அது போதாது, பறந்ததால்தான் போதுமாயிற்று.

இந்தக் கணக்கை அட்வான்ஸ்டு கார்டு வாங்கும்போது எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. டெக் 40-இல் இது உண்டு. இன்ட்ரோ டு டெக்கிலும் உண்டு.

அப்புறம் எதற்கு அய்யா ஃபண்டமென்டல்ஸ் என்றால், என் மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுக் கடலுக்குப் போகிறவனுக்கு இதுதான் சரி என்பது என் கட்சி. ஐந்து நாளும் நம் லட்சணத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு கெடுபிடி ஆகாது, நம் பழைய உபகரணத்தைப் பெரிதும் மாற்றாமல் கற்க வேண்டும் என்றால் இன்ட்ரோ டு டெக். மாதத்துக்கு நாலு டைவ் அடிக்கிற, அந்தரத்தில் நிற்கத் தெரிந்த பாக்கியசாலி என்றால் நேரே டெக் 40 போகலாம், குற்றமில்லை. ஒரே கார்டை ஒரு இன்ஸ்ட்ரக்டர் ரத்தம் சுண்டச் சுண்டத் தருவார். இன்னொருவர் கைகுலுக்கித் தருவார். ஆகவே பணம் கட்டுமுன் கேளுங்கள்: கடைசியாக எப்போது ஒருவரை ஃபெயில் பண்ணினீர்கள்? வீடியோ எடுப்பீர்களா? நீங்கள் சொந்தமாக டைவ் அடிக்கும்போது எங்கே போவீர்கள், எதை மாட்டிக்கொண்டு? முதல் கேள்விக்கு 'எங்ககிட்ட யாருமே ஃபெயில் ஆனதில்லை' என்று பெருமையாகப் பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

என் ரிஸல்ட்டா? ப்ரொவிஷனல்! ஆறு மாதத்துக்குள் பழகிக்கொண்டு வந்து மறுபடி காட்ட வேண்டும். ப்ளஸ் டூ கணக்கில்கூட நான் அரியர் வைத்ததில்லை. மிதப்பு போதாது, வால்வு சுமார். ஆனால் காற்றுப் பகிர்வுக்கு நேராக அவர் எழுதியிருந்தது: 'நன்று.' அந்தத் தாளை மடித்து பர்ஸில், பழைய கார்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் ஏழு அடிக் குழாய் ஒன்று வாங்கினேன். பக்கத்து ஸீட்டுக்காரனிடம் லஞ்ச் நேரத்தில் காட்டினேன். மேஜை மேல் வைத்து, கழுத்தைச் சுற்றி மாட்டி, கழற்றி, நீட்டி... பக்கத்து மேஜைக்காரர்கள் பாம்பு என்று நினைத்திருப்பார்கள்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "கடலுக்கு வரமாட்டேன்" என்றான். "நீச்சல் குளம்னா யோசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தோம். கரையில் அவன் மனைவியும் பெண்ணும். அந்தக் குழந்தை தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. மூன்று மீட்டரில் இருவரும் எதிரும் புதிருமாக நின்றோம். நான் ஓரளவுக்குப் படுக்கையாக. அவன் கையைக் கழுத்தில் வைத்து வெட்டினான். நான் என் வாயிலிருந்து எடுத்து நீட்டினேன். கவ்வினான். குமிழி வந்தது. இரண்டு செகண்ட் இருக்கும்.

திருப்பிக் கொடுத்தான். மறுபடி வெட்டினான். கொடுத்தேன். மறுபடி. ஏழு தடவை கேட்டான். முதுகைத் திருப்பிக்கொண்டு போய்ச் சட்டென்று திரும்பி ஒரு தடவை, நான் கேஜ் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை.

மேலே வந்து மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூக்கைச் சிந்தினான். கரையில் இருந்த பெண்ணைப் பார்த்துக் கையசைத்தான்.

"இப்ப அந்தக் குழாயை எனக்கு மாட்டு" என்றான். "நீ கேளு. நான் தர்றேன்."